சாய்ந்த வண்டியின் கணக்கு

லோமே நகரில், ஹனுகோப்பே முனையில்,
காலை ஐந்தரைக்கு வண்டி கை மாறும்.
இரவெல்லாம் சவாரி ஓட்டிய யாவோவி
சாவியைத் தருவான், ஹெல்மெட்டைத் தருவான்.
உள்ளே அவன் தலையின் சூடு இன்னும் இருக்கும்.
நான் போட்டுக்கொள்வேன்.
இவ்வளவுதான் எங்கள் உறவு.

பெட்ரோல் அவரவர் பாடு.
பஞ்சர் யார் ஓட்டும்போது ஆகிறதோ அவர் தலையில்.
போலீஸ்காரனுக்கு அழுவதும் அப்படியே.
வண்டிக்குச் சொந்தக்காரி மதாம் அக்பெனுவுக்கு
வார வாடகை ஆளுக்குப் பாதி.
எஞ்சின் ஆயிலைப் பற்றி மட்டும்
நாங்கள் எதுவும் பேசிவைக்கவில்லை.
கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குறைவது
யார் கணக்கு?

சீன வண்டி, நூற்றிருபத்தைந்து சி.சி.
எண்பதாயிரம் கிலோமீட்டரோடு
மீட்டர் எண்ணுவதை விட்டுவிட்டது.
வாரத்துக்கு அரை விரல் ஆயில் குடிக்கும்.
நடு ஸ்டாண்டு போன மழையில் முறிந்தது.
"அடுத்த மாதம்" என்றாள் மதாம்.
அவளுடைய அடுத்த மாதம்
எந்தக் காலண்டரிலும் இல்லை.

பக்க ஸ்டாண்டில் இடப்புறம் சாய்ந்து நின்றால்
ஆயிலும் இடப்புறம் ஒதுங்கிக்கொள்ளும்.
வலப்புறக் குச்சி வறண்டு வரும்,
இருப்பதை இல்லை என்று சாதிக்கும்.
நிமிர்த்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

எனக்குக் கஞ்சி விற்கும் அஃபிவா பிடிப்பாள்.
ஒரு கையில் அகப்பை, மறுகையில் ஹாண்டில்பார்.
"பொங்குது, சீக்கிரம்!"
பொறு தாயே. எஞ்சினை அணைத்து மூன்று நிமிஷம்,
மேலே ஏறியதெல்லாம் கீழே இறங்கட்டும்.
மூடியைத் திருகி, குச்சியை உருவி,
பழைய பனியன் துணியில் துடைத்து,
மறுபடி உள்ளே விட்டு, திருகாமல்,
எடுத்துப் பார்ப்பேன்.
கீழ்க்கோட்டுக்கும் கீழே,
நகக்கண் அழுக்கு அளவுக்குக் கறுப்பு.

ஊற்றுவேன். என் காசு.
ஊற்றும்போதெல்லாம் யாவோவிக்கு
ஈவே மொழியில் ஒரு வசவு, பிரெஞ்சில் ஒன்று.
ராத்திரி முழுக்க ஓட்டுகிறானே,
ஒரு சொட்டு விட்டிருப்பானா படுபாவி?
எட்டு மாதம் இப்படி.

ஹர்மட்டான் புழுதி அடங்காத ஒரு வியாழக்கிழமை
வண்டியின் பின்னால் வெள்ளையாகப் புகை.
பே சந்தைக்குப் பாதி வழியில்
கூடைக்காரி இறங்கிக்கொண்டாள்.
"மீனுக்குப் புகை போட எனக்கே தெரியும்" என்று
பாதிக் காசுதான் தந்தாள்.
அஃபிவா பிடிக்க, குச்சியை எடுத்தால்
மேல்கோட்டையே காணோம், முழுகிக் கிடந்தது.

மறுநாள் விடியலில் அந்தக் குச்சியை
அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
யாவோவி கத்துவான் என்றுதான் நினைத்தேன்.
"வறண்டிருந்தது, ஊற்றினேன்."
"சாய்த்து வைத்தா பார்த்தாய்?"
"ராத்திரி இரண்டு மணிக்குத்
துறைமுகச் சாலையில்
யார் வந்து பிடிப்பார்கள்?"
கொஞ்சம் கழித்து,
சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"வாராவாரம் ஊற்றுகிறேன்."

அப்படியானால் இந்த வண்டி
வாரம் ஒரு முழு விரல் குடித்திருக்கிறது.
பாதியை நான் திட்டிக்கொண்டே ஊற்றினேன்.
மீதியை அவன்.
அவனும் திட்டினானா என்று கேட்கவில்லை.

அவனே ஹாண்டிலைப் பிடித்தான்.
நான் மண்டியிட்டு அடி போல்ட்டைத் தளர்த்தி
ஒழுகியதைக் கஞ்சிக் கிண்ணத்தில் ஏந்தப்போக,
அஃபிவா போட்ட கூச்சலில்
தகர டப்பாவுக்கு மாறினேன்.
குச்சி, துணி, மறுபடி குச்சி.
டாங்க்கின் மேல் கவிழ்ந்து எட்டிப் பார்த்த யாவோவி
"இன்னும் கொஞ்சம்" என்றான்.
பிறகு "போதும்" என்றான்.

வடித்ததில் பாதி புது ஆயில்,
கொட்ட இருவருக்கும் மனம் வரவில்லை.
போத்தலில் அடைத்து
அஃபிவாவின் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.
அவள் கரித்துண்டால் அட்டையில் எழுதிக் கட்டினாள்:
இது கஞ்சிக்கு இல்லை.

ஆறரை ஆகிவிட்டது.
ஸ்கூல் சவாரியை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.
போட்டுக்கொண்டபோது
ஹெல்மெட் ஆறியிருந்தது.